கூட்டலும் பெருக்கலும் இருந்தால் கணினி தானாக வந்துவிடுமா? உலகமும் வருமா?

#1 துருசு

மல்லாவியில உயர்தர இணைந்த கணிதப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை ரெண்டு மணித்தியாலம் கிடைச்சிருக்கு. பாடத்திட்டத்துக்கு வெளியில ஒண்டு செய்து காட்டலாம் எண்டு யோசிக்கிறன். விசயம் இதுதான்: கணினி எண்டது சிலிக்கன் சில்லுக்குள்ள மட்டும் இருக்கிற சாமான் இல்லை, வெறும் எண்கணிதத்துக்குள்ளேயே முழுக்கக் கிடக்குது.

கம்பியூட்டர் வேண்டாம், கரண்டும் வேண்டாம். சிரட்டை, புளியங்கொட்டை, வெண்கட்டி மட்டும். பிள்ளைகள் கையால ஓட்டிப் பாக்கவேணும்.

கேள்வி ரெண்டு. ஒண்டு, எந்த வடிவத்தை எடுத்தால் ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முடியும்? மற்றது, கெட்டிக்காரப் பிள்ளை ஒண்டு கட்டாயம் கேக்கும்: "அப்ப இந்தப் பௌதிக உலகமும் எண்ணுக்குள்ள இருந்து வந்ததோ சேர்?" அதுக்கு எவ்வளவு தூரம் பொய் சொல்லாமல் பதில் சொல்லலாம்?

#2 தட்டிவான்

ஃபிராக்ட்ரான் எடுங்கோ அண்ணை. ஜோன் கொன்வே 1987இல குடுத்த மொழி. செய்நிரல் எண்டால் பின்னங்களின்ரை வரிசை, அவ்வளவுதான். கையில ஒரு முழு எண். பட்டியலை இடமிருந்து வலமாப் பாத்து, எந்தப் பின்னத்தால பெருக்கினால் விடை முழு எண்ணா வருதோ அந்த முதல் பின்னத்தால பெருக்கவேணும். பெருக்கினதும் திரும்பப் பட்டியலின்ரை தொடக்கத்துக்கு. ஒண்டும் பொருந்தேல்லை எண்டால் நிப்பு.

பெருக்கலுக்கு ஆறு பின்னம் போதும்:

455/33, 11/13, 1/11, 3/7, 11/2, 1/3

2இன்ரை அடுக்கு a, 3இன்ரை அடுக்கு b எண்டு தொடங்கினால் 5இன்ரை அடுக்கு ab எண்டு முடியும். 2 × 1ஐப் பாப்பம். தொடக்கம் 2²·3 = 12.

12 → 66 → 910 → 770 → 70 → 30 → 165 → 2275 → 1925 → 175 → 75 → 25

25 = 5². விடை 2. பதினொரு படி.

இதைச் சிரட்டைக்கு மாத்துறது லேசு. ஆறு சிரட்டை, அடியில 2, 3, 5, 7, 11, 13 எண்டு எழுதுங்கோ. எண் எண்டது எந்தச் சிரட்டையில எத்தனை கொட்டை எண்டதுதான். 910 எண்டால் 2, 5, 7, 13 ஒவ்வொண்டிலயும் ஒரு கொட்டை. 455/33 எண்ட பின்னம் ஒரு கட்டளை அட்டை: "3இலயும் 11இலயும் ஒவ்வொண்டு எடு, 5, 7, 13இல ஒவ்வொண்டு போடு." எடுக்க முடியாட்டி அடுத்த அட்டை. மேல உள்ள ஓட்டம் முழுக்க ஒரே நேரத்தில நாலு கொட்டைக்கு மேல போகாது.

#3 துருசு

இது நல்லா இருக்கு. ஆனால் 11, 13 எண்டு ரெண்டு சிரட்டை ஏன்? அதில எப்பவும் ஒரு கொட்டைதானே போய் வருது. 11ஐ மட்டும் வைச்சுக்கொண்டு, 3இல ஒண்டு எடுத்து 5இலயும் 7இலயும் போடுறவரைக்கும் 11ஐத் தொடாமல் விட்டால் என்ன?

#4 தட்டிவான்

எல்லாரும் முதல்தரம் விடுற பிழை அதுதான். பிள்ளைகளுக்கும் வேணுமெண்டே விடக் குடுங்கோ.

"11 இருந்தால் மட்டும், ஆனால் 11ஐச் செலவழிக்காமல்" எண்டதைப் பின்னமா எழுதினால் (5·7·11)/(3·11). தொகுதியிலயும் பகுதியிலயும் 11. வெட்டுப்பட்டு 35/3 ஆகிடும். நிபந்தனை காணாமல் போச்சு! இப்ப 12இல தொடங்கினால் 140, 60, 700, 300, 3500... 3இல இருக்கிற கொட்டை 7க்குப் போகும், 3/7 அதைத் திருப்பிக் கொண்டுவரும், 5 மட்டும் பெருகிக்கொண்டு போகும். நிக்கவே நிக்காது. அதால நிலையைக் காட்டுற கொட்டை 11இல இருந்து 13க்குப் போய்த் திரும்ப 11க்கு வரவேணும். ரெண்டு கால் வேணும் நடக்க.

வரிசை மாறினாலும் கெடும். 1/11ஐ முதலாவதா வைச்சால் 12 → 66 → 6 → 33 → 3 → 1. பெருக்கத் தொடங்க முன்னமே நிலைக்கொட்டை எறிபட்டுப்போகுது, விடை 5⁰, அதாவது சுழியம். 1/3ஐ 11/2க்கு முன்னால வைச்சால் 12 → 4 → 22 → 2 → 11 → 1. திரும்பவும் சுழியம், ஆனால் காரணம் வேறை: பெருக்கவேண்டிய 3ஐ முதலே துடைச்சுப்போட்டம். ஒரே பிழையான விடைக்கு ரெண்டு வெவ்வேறை பிழை. இதைப் பிள்ளைகளைக் கொண்டு கண்டுபிடிக்க வைச்சாலே அரை மணித்தியாலம் போயிடும்.

படிக்கணக்கு a(3b+2)+b. 4 × 5க்கு 73 படி. ஆறு பிள்ளை மாறி மாறிச் செய்தால் பத்து நிமிசம்.

#5 முதிரை

தட்டிவான் சொன்னது சரி. ஆனால் துருசு கேட்டது "எண்கணிதத்துக்குள்ளேயே கிடக்கிறது" என்பதைக் காட்ட. சிரட்டை விளையாட்டு அதில் பாதிதான். கொட்டையை ஒருவர் நகர்த்துகிறார். எண்கணிதத்தில் நகர்த்துகிறவர் யாரும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியது கோடெல், 1931இல்.

ஆகச் சிறிய உதாரணம். செய்நிரல் 3/2 என்ற ஒரே பின்னம். 4இல் தொடங்கினால் 4, 6, 9, நிற்பு. இந்த முழு ஓட்டத்தையும் இரண்டே எண்களுக்குள் அடக்கலாம்: a = 123, b = 6.

எப்படி? 1+b, 1+2b, 1+3b ஆகியவற்றால் a ஐ வகுத்து மீதியைப் பாருங்கள். அவை 7, 13, 19. 123ஐ 7ஆல் வகுக்க மீதி 4. 13ஆல் வகுக்க 6. 19ஆல் வகுக்க 9. ஓட்டம் முழுவதும் அங்கே இருக்கிறது.

ஆகவே "4இல் தொடங்கிய இந்தச் செய்நிரல் 9இல் நிற்கிறது" என்ற செயல் சார்ந்த வாக்கியம் இப்படி மாறுகிறது: முதல் மீதி 4, கடைசி மீதி 9, அடுத்தடுத்த ஒவ்வொரு சோடியிலும் பிந்தியதன் இரு மடங்கு முந்தியதன் மூன்று மடங்குக்குச் சமன் (2×6 = 3×4, 2×9 = 3×6), இப்படியான a, b இரண்டு எண்கள் உண்டு. "மீதி" என்பதும் கூட்டல் பெருக்கலாலேயே சொல்லக்கூடியது: a = q·m + r, r < m. இதில் நேரம் இல்லை, நகர்த்தும் கை இல்லை. "உண்டு" என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது.

b ஐக் கண்டபடி எடுக்கக்கூடாது. b = 3 எடுத்தால் முதல் வகுஎண் 4; நாலால் வகுத்து மீதி 4 வராது. b = 5 எடுத்தால் வகுஎண்கள் 6, 11, 16. இப்போது எல்லா மீதியும் வகுஎண்ணிலும் சிறியது, பார்வைக்குச் சரி. ஆனால் 6ஆல் வகுக்க மீதி 4 என்றால் a இரட்டை. 16ஆல் வகுக்க மீதி 9 என்றால் a ஒற்றை. அப்படி எண் இல்லை. வகுஎண்கள் ஒன்றுக்கொன்று பொதுக்காரணி இல்லாதவையாக இருக்கவேண்டும். இரண்டு வகுஎண்களுக்குப் பொதுவான முதன்மைக் காரணி ஒன்று இருந்தால் அது b ஐ வகுக்காது (வகுத்தால் மீதி 1 வரும்), ஆகவே இட வித்தியாசத்தை வகுக்கவேண்டும். இங்கே இட வித்தியாசம் கூடியது 2. b ஐ 2 வகுத்தால் தப்பினோம். பொதுவாக b ஐப் போதியளவு பெரிய ஒரு காரணியப் பெருக்கமாக எடுத்தால் இரண்டு சிக்கலும் ஒரேயடியாகப் போய்விடும். 3! = 6 அதனால்தான்.

#6 பாலைப்பழம்

முதிரை அண்ணை, கூட்டலும் பெருக்கலும் எண்டு ரெண்டையும் ஏன் சொல்லுறியள்? பெருக்கல் எண்டது திரும்பத் திரும்பக் கூட்டுறதுதானே. கூட்டல் மட்டும் போதாதோ?

#7 முதிரை

போதாது அக்கா. இந்த விடயத்திலேயே எனக்கு ஆகப் பிடித்த இடம் இது.

கூட்டலை மட்டும் வைத்துக்கொண்டு 3x எழுதலாம்: x+x+x. ஆனால் "y தடவை x" என்று, y உம் மாறியாக இருக்கும்போது எழுத முடியாது. எத்தனை தடவை என்பதே வாக்கியத்துக்குள் அடங்காது. 1929இல் பிரெஸ்பர்கர் காட்டினார்: கூட்டல் மட்டும் உள்ள எண்கணிதத்தில் எந்த வாக்கியத்தைத் தந்தாலும் மெய்யா பொய்யா என்று இயந்திர முறையில் தீர்மானிக்கலாம். அங்கே விவரிக்கக்கூடிய எண்தொகுதிகள் எல்லாம் ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒரே ஆவர்த்தனத்தில் திரும்புபவை. சிறுபோகத்து முறைத்தண்ணி அட்டவணை மாதிரி: உங்கள் வாய்க்காலுக்கு 4ஆம் நாள், 12ஆம் நாள், 20ஆம் நாள். அதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியாத மொழி. முதன்மை எண்களை அதில் சொல்ல முடியாது. 2இன் அடுக்குகளைக்கூடச் சொல்ல முடியாது.

பெருக்கல் மட்டும் என்றால்? அதுவும் தீர்மானிக்கக்கூடியது, ஸ்கோலெம் காட்டிய வழி. அங்கே எண்கள் வெறும் சிரட்டைக் கூட்டம். 2ஐயும் 3ஐயும் இடம் மாற்றினாலும் எந்த வாக்கியத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

இரண்டையும் ஒன்றாகக் கட்டினால்தான் வெடிக்கிறது. உண்மையில் பெருக்கலோடு "அடுத்த எண்" என்ற ஒன்றைச் சேர்த்தாலே கூட்டலும் வந்துவிடும். ஜூலியா ரொபின்சன் 1949இல் தந்த சமன்பாடு:

(ac+1)(bc+1) = c²(ab+1)+1

c சுழியம் இல்லாவிட்டால், இது உண்மையாவது a+b = c ஆக இருக்கும்போது மட்டும். 2, 3, 5 போட்டுப் பாருங்கள்: 11×16 = 176, 25×7+1 = 176. பிள்ளைகளுக்கு விரித்து எழுதக் கொடுக்கலாம், மூன்று வரிதான்.

#8 தட்டிவான்

அப்ப மெய்யெண்களுக்குள்ளயும் கணினி இருக்கவேணும். இயற்கை எண் எல்லாம் மெய்யெண்தானே. கூட்டல் இருக்கு, பெருக்கல் இருக்கு. பௌதிகம் முழுக்க மெய்யெண்ணில எழுதினதுதான். பிறகென்ன, அலுவல் முடிஞ்சுது.

#9 முதிரை

முடியவில்லை தம்பி. மெய்யெண்களில் கூட்டல், பெருக்கல், பெரிது சிறிது எல்லாம் வைத்தாலும் அது தீர்மானிக்கக்கூடியதுதான். டார்ஸ்கியின் முடிவு. இயற்கை எண்கள் அங்கே இருக்கின்றன, ஆனால் அந்த மொழியில் "இது முழு எண்" என்று சுட்டிக்காட்ட வழியில்லை. மணல் குவியலுக்குள் ஒரு குறிப்பிட்ட மணல் கிடப்பது வேறு, அதை விரல் வைத்துக் காட்டுவது வேறு.

சைன் சார்பை உள்ளே விட்டால் நிலைமை மாறும். sin(πx) = 0 ஆகும் இடங்கள்தான் முழு எண்கள். எண்ணுதல் வந்துவிட்டது, அதோடு கணிப்பும் தீர்மானிக்க முடியாமையும் வந்துவிட்டன.

#10 காலபோகம்

இப்பதான் பௌதிகத்துக்கு வேலை வருது. முதிரை கடைசியாச் சொன்னதை நான் மற்றப் பக்கத்தால பாக்கிறன். தந்தியின்ரை ரெண்டு முனையையும் கட்டினால் அலைக்கு 1, 2, 3 எண்டு முழு எண் முறைகள்தான் கிடைக்கும். ஐதரசனில எலத்திரன் கட்டுப்பட்டுக் கிடக்கிறதாலதான் சக்தி மட்டம் −13.6/n² eV எண்டு வருது: −13.6, −3.4, −1.51. தொடர்ச்சியான சமன்பாட்டில இருந்துதான் முழு எண் பிறக்குது. அப்ப எண்ணில இருந்து உலகம் வந்ததெண்டு ஏன் சொல்லோணும்? உலகத்தில இருந்து எண் வந்ததெண்டு சொல்லலாமே.

மற்றது, கணிப்புக்குச் சக்திச் செலவு இருக்கு. 1961இல லாண்டவர் காட்டினது: ஒரு பிற்றை (0 அல்லது 1 எண்ட ஒரு தகவலை) அழிக்கக் குறைஞ்சது kT ln 2 (k போல்ட்ஸ்மான் மாறிலி, T வெப்பநிலை), 300 K இல ஏறக்குறைய 2.9×10⁻²¹ J. எண்ணுக்கு வெப்பநிலை இல்லை. செலவில்லாமல் ஓடுற கணினி எப்பிடி?

#11 முதிரை

இரண்டாவதுக்கு முதல் பதில். லாண்டவர் சொன்னது அழிப்பதற்கான செலவு. 1973இல் பெனெட் எந்தக் கணிப்பையும் ஒன்றும் அழிக்காமல், பின்னோக்கியும் ஓட்டக்கூடியதாக மாற்றலாம் என்று காட்டினார். ஆகவே கணிப்புக்கென்று கட்டாய வெப்பம் இல்லை. அதுவும் பௌதிக இயந்திரங்களைப் பற்றிய கூற்று. 123ஐ 7ஆல் வகுக்க மீதி 4 என்பது யாரும் வகுக்காவிட்டாலும் 4தான்.

முதலாவதுக்கு என்னிடம் அடிக்கிற பதில் இல்லை. நல்ல எதிர்வாதம், நிற்கட்டும்.

ஆனால் எண்கணிதப் பக்கத்தில் எவ்வளவு தூரம் நிரூபணமாகவே போயிருக்கிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும். டேவிஸ், புட்னம், ரொபின்சன் மூவரும் 1961இல் போட்ட அத்திவாரத்தில் 1970இல் மத்தியசேவிச் கடைசிக் கல்லை வைத்தார். எந்தச் செய்நிரலை எடுத்தாலும், அது நிற்கிறதென்றால் மட்டும் இயற்கை எண் தீர்வு உள்ள ஒரு பல்லுறுப்பிச் சமன்பாடு உண்டு. வரிசை, மீதி, "ஒவ்வொரு i க்கும்" எதுவும் தேவையில்லை; வெறும் பல்லுறுப்பி = 0. 1982இல் ஜோன்ஸ் எல்லாச் செய்நிரல்களுக்கும் பொதுவான ஒன்றை 9 மாறிகளுக்குள் அடக்கினார். அதன் அடுக்குகள் பயங்கரமாகப் பெரியவை, கையால் தொடக்கூடியதல்ல. ஆனால் உண்டு.

#12 பாலைப்பழம்

அப்ப சரி, எல்லாக் கணிப்பும் எண்கணிதத்துக்குள்ள "உண்டு". நான் இப்ப காண்கிற உலகத்துக்கும் அதுக்கும் என்ன தொடுப்பு?

#13 தட்டிவான்

அந்தத் தொடுப்புக்கு முதல் ஒரு சாமான் வேணும் அக்கா: எல்லாச் செய்நிரலையும் ஓட்டுற ஒரு செய்நிரல். இது வகுப்பிலயும் செய்யலாம்.

நேராச் செய்தால் கெடும். முதலாவதை ஓட்டி முடிச்சிட்டு ரெண்டாவது எண்டு வைச்சால், முதலாவது நிக்காட்டி மற்றது ஒண்டும் தொடங்காது. தலைவாய்க்கால்காரன் மதகைப் பூட்டாமல் விட்டால் கடைவயலுக்குத் தண்ணி வராதது மாதிரி. எந்தச் செய்நிரல் நிக்காது எண்டு முன்கூட்டிப் பிடிக்க 1936இல இருந்தே வழியில்லை எண்டு தெரியும், டியூரிங் காட்டினது.

அதால முறை வைக்கவேணும். முதல் சுற்றில 1ஆம் செய்நிரலுக்கு ஒரு படி. ரெண்டாம் சுற்றில 1க்கும் 2க்கும் ஒவ்வொரு படி. n ஆம் சுற்றில 1 தொடக்கம் n வரைக்கும் ஒவ்வொரு படி. ஒருத்தரும் பட்டினி கிடக்கமாட்டினம். 7ஆம் செய்நிரலின்ரை 100ஆம் படி எப்ப வரும்? 106ஆம் சுற்றில. அதுக்கு முன்னம் 105 சுற்று, 105×106/2 = 5565 படி, பிறகு அந்தச் சுற்றில ஏழாவது. மொத்தம் 5572ஆவது படி.

இந்த முறை ஓட்டமும் ஒரு செய்நிரல்தான். அதால அதின்ரை ஒவ்வொரு படியும் முதிரை அண்ணை காட்டின 123, 6 மாதிரி எண்களா எண்கணிதத்துக்குள்ள கிடக்குது.

#14 முதிரை

இங்கே வரைக்கும் தேற்றம். இனிமேல் எடுகோள். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பலகையில் ஒரு கோடு கீறிவிட்டுச் சொல்லுங்கள்.

எடுகோள் இது: உங்கள் மூளையை ஏதோ ஒரு நுணுக்கத்தில் அப்படியே இலக்கமுறையில் பிரதி எடுத்து வேறொன்றில் ஓட்டினாலும் நீங்கள் நீங்களாகவே இருப்பீர்கள். இதை ஏற்காதவருக்கு மிச்சம் எதுவும் செல்லாது. ஏற்கிறவரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத்தான் பெல்ஜியத்து புரூனோ மார்ஷல் 1988 தொடக்கம் எழுதி வந்திருக்கிறார்.

வாதத்தின் நடு முள் இது. ஒருவரை முறிகண்டியில் பிரதி எடுத்து, மூலத்தை அழித்து, மன்னாரில் ஒன்றும் முல்லைத்தீவில் ஒன்றுமாக எழுப்புகிறோம் என்று வைப்போம். எல்லா விபரமும் அவருக்கு முன்பே தெரியும். ஆனாலும் "கண் திறந்ததும் நான் எந்தக் கடற்கரையைக் காண்பேன்?" என்பதற்கு விடை அவரிடம் இல்லை. பத்துத் தடவை திரும்பச் செய்தால் 1024 நாட்குறிப்புகள். சரியாக ஐந்து மன்னார் உள்ளவை 252. நாலு தொடக்கம் ஆறு வரை உள்ளவை 672, அதாவது 65.6 வீதம். வெளியே எல்லாம் நிச்சயம். உள்ளே இருந்து பார்த்தால் நாணயம் சுண்டியது போல.

இனி இதைத் தட்டிவானின் முறை ஓட்டத்தோடு பொருத்துங்கள். உங்கள் இந்தக் கணத்து நிலை, அந்த ஓட்டத்தில் எண்ணற்ற செய்நிரல்களின் நடுவில் வருகிறது. உங்கள் அடுத்த கணம் எது? அவை எல்லாவற்றின் மீதுமான ஒரு நிகழ்தகவு. இரண்டு படிகளுக்கு இடையில் கோடி படி கழிந்தாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே பௌதிக விதி என்பது அந்த நிகழ்தகவின் வடிவமாக இருந்தாகவேண்டும். தனியாக ஒரு சடப்பொருளை அடியில் வைக்கத் தேவையில்லை என்பது மார்ஷலின் முடிவு. கடைசிப் படி, அதாவது சடம் தேவையே இல்லை என்பது, இன்னும் சண்டைக்குரியது. 1989இல் மெய்யியலாளர் மோட்லின் அதே மாதிரியான வாதத்தைக் கட்டி, மறுபக்கமாகத் திருப்பினார்: இப்படி ஒரு முடிவு வருகிறதென்றால் மனம் கணிப்பு என்ற எடுகோளைத்தான் கைவிடவேண்டும் என்று.

#15 காலபோகம்

எனக்கு ஒரு கேள்விதான். எல்லாச் செய்நிரலும் ஓடுது எண்டால், அடுத்த வினாடி இரணைமடு வான்கதவைத் திறக்கத் தண்ணி மேல்நோக்கிப் பாயிற செய்நிரலும் ஓடுது. என்ரை இப்போதைய நிலையில இருந்து அதுக்கும் ஒரு தொடர்ச்சி இருக்கு. அப்பிடியான கண்டபாட்டுத் தொடர்ச்சிகள்தான் கூட. ஏன் நான் ஒருநாளும் அதைக் காணேல்லை?

#16 முதிரை

இந்தக் கருத்தைக் கொல்லவேண்டுமென்றால் இந்தக் கேள்விதான் கொல்லும். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

கண்டபாட்டுத் தொடர்ச்சிகள் கூட என்பது எண்ணிக்கைப்படி உண்மை. n பிற்றுத் தொடர்களில், அதைவிட k பிற்றுக்கு மேல் குறுக்கி எழுதக்கூடியவை 2⁻ᵏ பங்குக்கும் குறைவு. பத்துப் பிற்றுக்கு மேல் குறுக்கக்கூடியவை ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே தொடர்களை நேரே எண்ணினால் உலகம் இரைச்சல்.

ஆனால் ஓட்டத்தில் இருப்பவை தொடர்கள் அல்ல, செய்நிரல்கள். ஒரு விதியை l பிற்றில் எழுதி முடித்துவிட்டால், அதற்குப் பின்னால் என்ன குப்பை ஒட்டியிருந்தாலும் அது வாசிக்கப்படாது. L பிற்றுச் செய்நிரல்களில் அந்த l பிற்றோடு தொடங்குபவை 2^(L−l). அதாவது மொத்தத்தில் 2⁻ˡ பங்கு ஒரே உலகத்தையே ஓட்டுகின்றன. குறுகிய விதிக்குப் பெரிய பங்கு. "தண்ணி எப்போதும் கீழே" என்பது குறுகியது. "தண்ணி எப்போதும் கீழே, ஆனால் இன்ன கணத்தில் இன்ன கதவில் மேலே" என்பதற்கு அந்தக் கணத்தையும் கதவையும் எழுதவேண்டும். அதற்கு 100 பிற்று மேலதிகம் என்றால் பங்கு 2¹⁰⁰ மடங்கு, ஏறக்குறைய 10³⁰ மடங்கு குறைகிறது.

#17 காலபோகம்

கெட்டித்தனமான பதில். ஆனால் ஓட்டை இருக்கு. குறுகியது எண்டு எந்த மொழியில அளக்கிறியள்? ஃபிராக்ட்ரானில குறுகினது வேறை மொழியில நீளமா இருக்கும்.

#18 முதிரை

உண்மை. ஒரு மொழியை இன்னொன்றில் பெயர்க்க ஒரு நிலையான நீளம் c போதும், அதனால் பங்குகள் கூடியது 2ᶜ மடங்கு மாறும். கொல்மகோரொவின் 1965 வாதம். முடிவிலி நீளத்துக்கு அது பொருட்டில்லை. ஒரு மனிதரின் அடுத்த வினாடிக்கு c = 1000 என்பது எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மொழித் தெரிவு இல்லாமல் பங்கைக் கட்ட ஒருவரும் எல்லாருக்கும் ஒப்பான வழி காட்டவில்லை. மார்ஷல் வேறு வாசலால் போகப் பார்க்கிறார்: இயந்திரம் தன்னைப் பற்றி நிரூபிக்கக்கூடியவற்றின் தர்க்கம் (சொலவே 1976இல் முழுமையாக்கியது), அதை இந்த ஓட்டத்தின் வாக்கியங்களுக்கு மட்டும் சுருக்கினால் குவாண்டம் தர்க்கத்தின் சாயல் உள்ள விதிகள் வருகின்றன என்று. சாயல்தான். பிளாங்க் மாறிலி வரவில்லை, மூன்று பரிமாணம் வரவில்லை, ஐதரசனின் 13.6 வரவில்லை.

#19 காலபோகம்

அந்தக் கடைசி வசனத்தைத் துருசு பலகையில எழுதினால் எனக்குக் காணும்.

#20 பாலைப்பழம்

துருசு அண்ணை, அந்தக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு ரெண்டு கடற்கரைக் கதையைச் சொல்லுங்கோ, அதைவிட லேசான வாசல் இல்லை. ஆனால் கோடு கீறுறதை மறக்கவேண்டாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிரூபணம், அந்தப் பக்கம் எடுகோள். ரெண்டையும் குழைச்சுச் சொன்னால் பிள்ளையள் ஒண்டில் எல்லாத்தையும் நம்புங்கள், இல்லாட்டி 123ஐயும் சேர்த்து எறிஞ்சிடுங்கள்.

#21 துருசு

சரி, எல்லாருக்கும் நன்றி. இப்பிடிப் போறன். முதல் முக்கால் மணித்தியாலம் சிரட்டையும் ஆறு அட்டையும், 2 × 1, பிறகு 4 × 5. பிழையான 35/3 அட்டையை நடுவில குடுத்து விடுவன். அடுத்தது 123, 6; b = 5 ஏன் சரிவராது எண்டதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அதோடை ரொபின்சனின்ரை சமன்பாடு விரிக்கிறது. கடைசி அரை மணித்தியாலம் கோடு, ரெண்டு கடற்கரை, காலபோகத்தின்ரை வான்கதவு.

எல்லாத்தையும் ரெண்டே சிரட்டைக்குள்ள செய்யலாம் எண்டு மின்ஸ்கியின்ரை முடிவு ஒண்டு இருக்கல்லோ, அதையும் காட்டலாமோ?

#22 தட்டிவான்

சொல்லிக் காட்டுங்கோ, செய்து காட்டாதேங்கோ. ரெண்டு சிரட்டை எண்டால் அடுக்குகளையல்ல, எண்ணையே கொட்டையா வைக்கவேணும். 2¹⁰·3¹⁰ எண்டால் 6,04,66,176 கொட்டை. ஒரு கொட்டை ஒரு கிராம் எண்டு வைச்சாலும் 60 தொன். வன்னியில அவ்வளவு புளியமரம் இருந்தாலும் லொறிக்கு எங்க போறது.

ஆறு சிரட்டையில 4 × 5க்கு ஒரே நேரத்தில கூடியது 26 கொட்டை: 5இல 20, 3இலயும் 7இலயும் சேர்த்து 5, நிலைக்கொட்டை 1. நாப்பது கொண்டுபோங்கோ, கொஞ்சம் வறுத்ததெண்டால் பிள்ளையளின்ரை வாய்க்குள்ள போயிடும்.